சிடாம் கிரியில் நாற்பது பேர் ஒரே குரலில் பேசிய ஆங்கிலம்

போன மாதம் உங்கள் வகுப்பில் பின் வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவர் முழுக்கத் திரை, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சின்னப் பலகை. நீங்கள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டீர்கள். பிள்ளைகள் விரலால் தொட்டார்கள். திரையில் பச்சை விளக்கு வந்தது, கைதட்டல் சத்தமும் வந்தது. வகுப்பு முடிந்ததும் உங்களில் ஒரு தம்பி, "எப்படிண்ணே, ஓகேவா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பதில் சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் கெட்டுப்போனால் பயப்பட வேண்டியதில்லை. கெட்ட மெஷின் எல்லார் கண்ணிலும் படும். யாராவது வந்து தட்டுவார்கள், ஏசுவார்கள், கடைசியில் சரி செய்வார்கள். என் வேலைக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு, மெஷின் அருமையாக ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது.

நான் வாத்தியார் இல்லை. செர்டாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாரும் நிறுத்தவில்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போகும் வழியில் லாரி ஒன்று மெதுவாகப் போனது, ஏறிவிட்டேன். பிறகு பாலிங்கில் காப்பிக்கடையில் குவளை கழுவினேன். மர லாரியில் கிளீனராக இருந்தேன். தோட்டம் தோட்டமாகப் போய்த் திடலில் படம் காட்டும் ஒருவரிடம் ஜெனரேட்டர் ஓட்டினேன். அங்கேதான் கம்பிகளோடு பழக்கம். அவர் தொழிலை விட்டதும் சுங்கை பட்டாணியில் ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்து, இரண்டு வருடம் அந்தக் கடையின் மேசைக்கடியிலேயே படுத்தேன். சாப்பாடு இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நம்மாட்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஒரு சங்கம், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் ஆங்கில வகுப்பு நடத்த இரண்டு டேப் ரெக்கார்டர்களும் ஒரு பெட்டி கேசட்டும் வாங்கியது. அவற்றை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஓட்டுவதற்கு ஆள் தேடினார்கள். ரேடியோக் கடைக்காரர் என்னைக் கைகாட்டினார். "இவன் ஒரு எடத்துல நிக்க மாட்டான், உங்களுக்கு அதான் வேணும்" என்றார். அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். ஆங்கிலம் எனக்கு ரேடியோப் பெட்டியின் முதுகில் எழுதியிருக்கும் அளவுக்குத்தான் தெரியும்.

பாடம் நடத்த ஒரு டீச்சர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர், பட்டணத்துக் கான்வென்டில் படித்தவர், வார நாட்களில் பள்ளியில் வேலை. சனி, ஞாயிறு பிற்பகலில் பஸ் பிடித்துத் தோட்டத்துக்கு வருவார். பெயரை எழுதவில்லை. கேட்காமல் எழுதினால் இன்றைக்கும் என்னை ஏசக்கூடியவர்.

சிடாம் கிரி என்ற ஊருக்கு உள்ளே ஒரு கித்தாத் தோட்டம், ரப்பரைத்தான் நாங்கள் கித்தா என்போம். அங்கே வேதக்காரர்கள் பாதி, மற்றவர்கள் பாதி. பெஞ்சு உள்ள இடம் மாதா கோயில் ஒன்றுதான் என்பதால் வகுப்பும் அதற்குள்தான் நடந்தது. சாவி உபதேசியாரிடம் இருக்கும். பூசை வைக்கும் சாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்லிக்கொடுக்கிறவர் இவர்தான். இவர் முதல் பாதியைச் சொல்லி நிறுத்துவார், கூட்டம் மறு பாதியைச் சொல்லும். அந்தத் தோட்டத்துக்காரர்களுக்குப் பிறந்த நாளிலிருந்து காதில் விழுந்த முறை அது. கோயிலுக்கே போகாதவர்கள்கூட லயத்து வரிசை வீடுகளில் இருந்தபடி கேட்டுக் கேட்டு மறு பாதியை அறிந்திருந்தார்கள்.

எங்கள் கேசட்டும் அதே முறையில்தான் இருந்தது. அலுவலகத்தில் பேசும் ஆங்கிலம். ஒரு வெள்ளைக்காரர் ஒரு வாக்கியம் சொல்வார், கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் நாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு அவரே சரியான பதிலைச் சொல்வார். "ஹூ இஸ் காலிங், ப்ளீஸ்?" "ஐ எம் சாரி, ஹி இஸ் அவுட்." இந்த மாதிரி.

முதல் வாரம் எடுபடவில்லை. இடைவெளி மிகவும் குறைவு. நாற்பது பேர் வாயைத் திறப்பதற்குள் வெள்ளைக்காரர் அடுத்ததற்குப் போய்விடுவார். எனக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு ரெக்கார்டர்களையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு மற்றொன்றில் பதிந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் முதல் ரெக்கார்டரை நிறுத்தி இடைவெளியை நீட்டினேன். மூன்று நாள் வேலை. நாற்பது பேரும் ராகம் போட்டு நிதானமாகச் சொல்லி முடிக்கும் வரை இடம் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்தக் கோயில் கிடுகிடுத்தது. வெள்ளைக்காரர் ஒரு வரி, கூட்டம் ஒரு வரி. இம்மி பிசகவில்லை. உபதேசியார் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, பூசைக்குக்கூட இப்படி ஒத்துமையா சொன்னதில்லையே இவங்க" என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. சங்கத்துச் செயலாளர் மோட்டார் காடியில் வந்து கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. டீச்சர்கூட, "பரவாயில்லண்ணே, நல்லாத்தான் போவுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முன் பெஞ்சில் பிலோமினா என்று ஒரு பெண் உட்காருவாள். பத்தொன்பது வயது, மூன்றாம் படிவம் வரை படித்தவள், பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். அப்பா இல்லை. அம்மா, இரண்டு தங்கைகள். அந்தத் தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நடப்போவதாக அறிவித்திருந்தார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. வேலை போனவர்கள் கிறிஸ்துமஸ் கழிந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவர்கள் குடும்பத்தில் தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில் இருந்தது பிலோமினா ஒருத்திதான், அந்த வேலையும் போகிறது. சுங்கை பட்டாணியில் ஒரு பலகைத் தொழிற்சாலைக்கு டெலிபோன் ஆபரேட்டர் தேவை என்று கேள்விப்பட்டு மனுப் போட்டிருந்தாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. பினாங்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கூப்பிடுகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். ஆங்கிலம் பேச வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. எங்கள் வகுப்பில் மற்றவர்கள் படிக்க வந்தார்கள். அவள் வீட்டுக்கு ஒரு கூரை தேடி வந்தாள்.

நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை. தோட்டத்துக்குக் கரண்டு மாலை ஆறு மணிக்குத்தான் வரும் என்பதால் பகலில் பேட்டரியில்தான் ஓட்டுவேன். அன்று பேட்டரி மாற்ற மறந்துவிட்டேன். பாதிப் பாடத்தில் வெள்ளைக்காரரின் குரல் மெல்ல இறங்க ஆரம்பித்தது. முதலில் சளி பிடித்தவர் மாதிரி, பிறகு கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி, கடைசியில் எருமை மாதிரி. நான் பேட்டரியைத் தேடிப் பையைக் கிளறிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கூட்டமும் அதே குரலில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. "ஐஐ... எஏம்... சாஆஆரி..." பெண்பிள்ளைகள்கூடத் தாடையை நெஞ்சில் இறக்கி எருமைக் குரலில்.

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், "தொர சாப்பிடாம வந்துட்டாரு லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மெஷினை நிறுத்தினார்.

"பிலோமினா, எந்திரி. வேர் டூ யூ லிவ்?"

பிலோமினா எழுந்து நின்றாள்.  அவள் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு தெளிவாக, ராகத்தோடு சொன்னாள்: "ஐ எம் சாரி, ஹி இஸ் அவுட்."

மறுபடி சிரிப்பு. அவள் உட்கார்ந்து முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபின் டீச்சர் கேட்டார். "அண்ணே, இந்த எடவெளிய யாரு நீட்டுனது?"

"நான்தான் டீச்சர். எல்லாரும் சொல்லணுமேன்னு."

"சொல்றாங்க. நாப்பது பேரும் ஒண்ணா மூச்சு விடுறாங்க. யாரு பேசுறாங்க, யாரு சும்மா வாய அசைக்கிறாங்கன்னு உங்க மெஷினுக்குத் தெரியுமா?"

நான் கேசட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"எனக்கும் தெரியலண்ணே" என்றார் அவர். "ரெண்டு மாசமா நல்லாத்தான் போவுதுன்னு நானும் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பிலோமினா நின்றாள். "அண்ணே, நான் இன்டர்வியூ போகல. டீச்சர்ட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றாள். கூட்டத்தில் சொல்லும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்ததாம். தனியாக நிற்கும்போது தொண்டையில் ஒன்றுமே இல்லையாம். அதை அழாமல், கடைக்குப் போய்ச் சாமான் இல்லை என்று திரும்பி வந்தவள் மாதிரி சொன்னாள். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

டீச்சரிடம் நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைப் போய்ப் பார்த்தேன். துரை பங்களாவுக்கும் ஆபீசுக்கும் நடுவே முன்பு இரண்டு பழைய டெலிபோன்கள் இருந்தன. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணியடிக்கும். ஆபீசுக்குப் புது டெலிபோன் வந்ததும் அவற்றை ஸ்டோரில் போட்டுவிட்டார்கள். கிராணி, "எடுத்துக்கிட்டுப் போ, எலி குடும்பம் நடத்துது" என்றார். எலியைக் குடிபெயர்த்து, இரண்டையும் துடைத்து, புது பேட்டரி போட்டு, ஒன்றைக் கோயிலிலும் மற்றொன்றை நூறு அடி தள்ளி ஆயாக்கொட்டகையிலும் வைத்துக் கம்பி இழுத்தேன். சுவரில் ஓட்டை போட உபதேசியார் விடவில்லை. ஜன்னல் வழியாக விட்டேன். கொட்டகையில் ஆயா வேறு சண்டைக்கு வந்தார். தோட்டத்து ஆலையில் வேலை செய்கிற பெண்களின் பிள்ளைகள் பிற்பகலில் அங்கேதான் தூங்கும். "நீ ஒரு தடவ சுத்துனா நாலு தொட்டில ஆட்டணும் நான்" என்றார். மணிக்குத் துணி சுற்றினேன். பிறகு அது தொண்டை கட்டிய சேவல் மாதிரி முனகியது.

டீச்சருக்கு ஏற்பாடு பிடித்திருந்தது. ஒரு நேரத்தில் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். கம்பியில் தமிழ் பேசக் கூடாது. பேசினால் கோயிலைக் கூட்ட வேண்டும். இது டீச்சரையும் என்னையும் சேர்த்து எல்லாருக்கும்.

இந்த இடத்தில் நான் இன்னொரு தப்புச் செய்தேன். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று, டெலிபோனில் பேசுவது எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு ஒலிபெருக்கியை மாட்டினேன். டீச்சர் கொட்டகையிலிருந்து பிலோமினாவை அழைத்து, "ஹவ் ஆர் யூ?" என்றார். பிலோமினா வாயைத் திறப்பதற்குள் கோயிலே பதில் சொன்னது, முப்பத்தொன்பது பேரும் சேர்ந்து, ராகத்தோடு. கொட்டகையில் நாலு பிள்ளைகளும் எழுந்துவிட்டன. ஒலிபெருக்கியைக் கழற்றிப் பையில் போட்டேன். மெஷினில் எதைச் சேர்க்கலாம் என்றுதான் நமக்கு எப்போதும் புத்தி போகிறது. எதைக் கழற்றலாம் என்று யோசிக்க யாரும் நமக்குச் சம்பளம் தருவதில்லை.

ஒலிபெருக்கி போனபின்னும் பிலோமினாவுக்குப் பேச வரவில்லை. காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். மறுமுனையில் டீச்சர் காத்திருப்பார். இரண்டு வகுப்பு அப்படியே போனது.

மூன்றாவது வகுப்பில் கொட்டகைப் பக்கத்துக் கம்பி தளர்ந்து கரகரவென்றது. டீச்சர் கோயிலுக்கு வந்துவிட, நான் போய்ப் பெட்டியைத் திறந்தேன். சின்ன ஸ்க்ரூடிரைவரைக் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் தெரிந்தது. டீச்சரிடம் கேட்கலாம் என்று கைப்பிடியைச் சுற்றினேன். டீச்சர் வெளியே உபதேசியாரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் நின்ற பிலோமினா எடுத்தாள். எடுத்தது யார் என்று எனக்குத் தெரியாது. தமிழ் பேசினால் கோயில் கூட்ட வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்தது.

"ஹலோ. மை ஸ்க்ரூடிரைவர். வேர்?"

கரகரப்பு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் குரல். "விச் ஒன்? பிக் ஆர் ஸ்மால்?"

"ஸ்மால். ரெட்."

"ரெட் நோ. காட் யெல்லோ."

"யெல்லோ கேன்."

"வெயிட் ஆ."

வைத்துவிட்டாள். அரை நிமிடத்தில் மஞ்சள் ஸ்க்ரூடிரைவரோடு கொட்டகை வாசலில் மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் என்ன நடந்தது என்று உறைத்தது.

"டீச்சர்ட்ட சொல்லாதீங்கண்ணே. கண்டபடி பேசிட்டேன்."

"நான் மட்டும் என்ன? ஆனா ஸ்க்ரூடிரைவர் வந்துருச்சே."

அவள் சிரித்தாள். நான் சொல்லாமல் இருப்பேனா? அன்றைக்கே டீச்சரிடம் சொன்னேன். டீச்சர் கோயில் படியில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். "கேசட்டுல கேக்குறவனுக்குப் பதில் தெரியும்ணே. நான் கேக்கும்போதும் எனக்குப் பதில் தெரியும். ஹவ் ஆர் யூன்னு கேட்டா அவ என்ன சொல்லணும்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உங்களுக்கு நெசமாவே ஸ்க்ரூடிரைவர் வேணும்."

அடுத்த நாளிலிருந்து புதுச் சட்டம். தெரியாததை மட்டும்தான் கேட்க வேண்டும். கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் தூங்குகின்றன, ஆயா என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறார், உபதேசியார் மத்தியானம் என்ன சாப்பிட்டார். எங்கிருந்தோ ஆளாளுக்கு ஆங்கிலம் வந்தது. உடைந்த ஆங்கிலம்தான். டீச்சர் அதைப் பிறகு உட்கார்ந்து செப்பனிட்டார். சங்கத்துச் செயலாளர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, கிளாஸ் செத்துப் போச்சு? ஒருத்தன் பேசுறான், மத்தவன் மரத்தடியில நிக்கிறான். அந்தக் கேசட்டப் போடு" என்றார். பெரிய ஆட்களைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாராம். கேசட் சிக்கிக்கொண்டது என்று சொன்னேன். அது பொய். ஆனால் பிலோமினாவுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

நேர்முகத்துக்கு அவளும் அம்மாவும் நானும் பஸ்ஸில் போனோம். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையில், கையில் செபமாலையோடு. தொழிற்சாலை ஆபீசில் எங்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எதிரே கண்ணாடி அறை. டை கட்டிய அதிகாரி ஒருவர் பிலோமினாவை உள்ளே அழைத்தார். சத்தம் கேட்காது, எல்லாம் தெரியும். அவர் ஏதோ கேட்டார், அவள் ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். 

பிறகு அவர் எழுந்து மூலையில் இருந்த மேசையைக் காட்டினார். அதன் மேல் சின்னச் சின்ன விளக்குகளும் நெம்புகோல்களும் உள்ள ஒரு பெட்டி. பக்கத்தில் எண்களைச் சுழற்றுகிற டெலிபோன். ஒரு தாளில் எண்ணை எழுதிக் கொடுத்தார். கூப்பிடச் சொல்கிறார் என்று புரிந்தது. பிலோமினா மேசையருகே போய் நின்றாள். டெலிபோனின் வலது பக்கத்தைப் பார்த்தாள். இடது பக்கத்தையும் பார்த்தாள்.

அவள் கைப்பிடியைத் தேடுகிறாள்.

 அந்தத் தோட்டத்து ஆபீசிலேயே சுழற்றுகிற டெலிபோன் இருந்தது. நான் எத்தனை முறை அந்த மேசை மேல் சாய்ந்து கிராணியோடு கதை பேசியிருப்பேன். மரம் வெட்டுகிறவர்கள் அந்த ஆபீசுக்குள் கால் வைக்க மாட்டார்கள். ஜன்னலுக்கு வெளியேதான் நிற்பார்கள். ஒரு நாள் அவளைக் கூட்டிப்போய், இதில் விரலை விட்டுச் சுற்று என்று காட்ட எனக்குத் தோன்றவில்லை. என் இரண்டு பழைய டெலிபோன்களின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை.

எழுந்துவிட்டேன். கதவைத் திறந்து உள்ளே போய், ஐயா, இது என் தப்பு, ஒரே நிமிடம், காட்டிவிடுகிறேன் என்று சொல்லலாம். கதவுப் பிடியில் கை வைத்தேன். பின்னால் என் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். அவள் அம்மா.

"ஒக்காரு தம்பி."

"இல்லக்கா, அவளுக்கு அந்த டெலிபோன் தெரியாது. நான் சொல்லிக்கொடுக்கல."

"தெரியாதுன்னா அவளே சொல்லுவா. நீ உள்ள போனா அப்புறம் அந்த ஆளு யாரப் பாப்பாரு? ஒக்காரு."

உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சில் பதறிய மாதிரி நான் ஜெனரேட்டர் தீப்பிடித்தபோதும் பதறியதில்லை. என் கைகளை என் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு உள்ளே பிலோமினா அசையாமல் நின்றாள். பிறகு திரும்பி அந்த அதிகாரியைப் பார்த்து வாயைத் திறந்தாள். அவர் எழுந்து வந்தார். இருவரும் பெட்டியின் மேல் குனிந்தார்கள். அதற்குள் ஒரு லாரி உள்ளே வந்து எங்கள் முன்னால் நின்று கண்ணாடியை மறைத்துவிட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். லாரி இல்லை, ஃபைல் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தடித்த ஆள். அவர் நகரும்போது அறையில் மூன்று பேர் இருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் ரொட்டி சானாய் வந்த பிறகுதான் பேசினாள்.

"சார், ஐ நெவர் யூஸ் திஸ் டெலிபோன். ப்ளீஸ் ஷோ மீ. அப்படின்னு கேட்டேன்."

"அதுக்கு அவரு?"

"காட்டுறேன்னு வந்தாரு. ஒண்ண அமுக்குனாரு, ஒண்ணும் வரல. இன்னொண்ண அமுக்குனாரு, எங்கயோ மணி அடிச்சுது, யாரோ மலாய்ல ஏசுனாங்க. அவருக்கே தெரியலண்ணே. அப்புறம் வெளிய இருந்து ஒரு அக்காவக் கூப்பிட்டாரு. அந்த அக்கா காட்டுனாங்க. நான் ரெண்டு தடவ தப்பு செஞ்சேன். மூணாவது தடவ பினாங்குக்குப் போயிருச்சு."

"பேசினியா?"

"பேசுனேன். ஒரு ஆளு எடுத்தாரு. பேரு கேட்டாரு, சொன்னேன். அப்புறம் சும்மா இருந்தாரு. அதனால நான் கேட்டேன், சார், இஸ் இட் ரெய்னிங் தேர்?"

"அத எதுக்குடி கேட்ட?" என்றார் அம்மா.

"நமக்குத் தெரியாதுல்லம்மா."

பதினொரு நாள் கழித்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. கிராணி அதை ஜன்னல் வழியாகக் கொடுக்காமல், அவளை உள்ளே வரச் சொல்லிக் கொடுத்தாராம். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர்கள் லயத்தைக் காலி செய்தார்கள். காலி செய்யச் சொல்லி யாரும் வரும்வரை அம்மா காத்திருக்க விரும்பவில்லை. அம்மி, இரண்டு கட்டில், மாதா படம், ஐந்து கோழி, இரண்டு தங்கைகள். லாரியை நான்தான் பிடித்துக்கொடுத்தேன். சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் வீட்டின் பின்கட்டில் குடிவந்தார்கள்.

பிலோமினா வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. பத்து மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் தபால் நிலையத்து வெளியில் இருந்த பொது டெலிபோனுக்குப் போய், காசைப் போட்டுத் தொழிற்சாலை எண்ணைச் சுழற்றினேன். எடுத்தது அவள்தான். தொழிற்சாலையின் பெயரைச் சொன்னாள், காலை வணக்கம் சொன்னாள், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டாள், எல்லாம் ஆங்கிலத்தில், மூச்சு முட்டாமல். பின்னால் வேறு மணிகள் அடித்துக்கொண்டிருந்தன. நான்தான் அண்ணன் பேசுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அவள் வேலையில் இருந்தாள். யாராவது ஒருவர் வேண்டும் என்று கேட்டாக வேண்டும். எனக்கு ஒரு பெயரும் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மேனேஜர்."

"ஒன் மொமென்ட், சார்" என்றாள்.

ஒரு சொடுக்குச் சத்தம். பிறகு தடித்த ஆண் குரல் ஒன்று, "யெஸ்? மேனேஜர் ஸ்பீக்கிங்" என்றது. நான் டெலிபோனை வைத்துவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு, கடைத்தெரு முடியும் வரை திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன்.